மாணாக்கரை மாணாக்கர் வருத்துதல்

சிவமயம்

சைவாசிரியர்களே!

தில்லையிலே வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரிடத்துச் சிவயோகியார் ஒருவர் ஒரு திருவோட்டை அடைக்கலமாக வைத்துச் சென்றார். அவர் மீண்டு வந்து கேட்டபொழுது வைத்த இடத்திலே ஓடு இல்லை. ஓர் ஓட்டின்பொருட்டு அந்நாயனார் அடைந்த நடுக்கத்தைப் பெரியபுராணத்திற் படித்து நாம் உருகுகின்றோம். நம்மிடத்தும் நாடோறும் அடைக்கலப் பொருள் வைக்கப்படுகின்றது. காலையிலே பாடசாலை மணி அடிக்கும்பொழுது தாய்மார் தம் பிள்ளைகளை நம் கையில் ஒப்புவித்துத் திரும்புகின்றனர். பிற்பகலிலே அப்பிள்ளை உடையும் புத்தகமும் குலையாமல் வீடு சேர்கின்றது. ஆயினும், அதன் உள்ளம் உடைந்திருக்குமாயின், அடைக்கலத்தைக் காத்தவர் என்று நம்மைச் சொல்லலாமோ? இவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

பிள்ளைகள் தம்முட் சண்டையிடுதலும் பின் கூடி விளையாடுதலும் இயல்பு. அதனைக் குறித்து யாம் இங்கே பேசவில்லை. வலியார் ஒருவரோ பலரோ சேர்ந்து, எதிர்த்து நிற்கமாட்டாத ஒரு பிள்ளையைத் தெரிந்துகொண்டு, கருதிக்கொண்டே, பலகாலும் வருத்துதலைக் குறித்துப் பேசுகின்றோம். ஏற்றத்தாழ்வு, கருதிச் செய்தல், திரும்பத் திரும்பச் செய்தல் என்னும் மூன்றும் அதன் இலக்கணம். அடித்தல், தள்ளுதல், சாப்பாட்டைப் பறித்தல், கொப்பியைக் கிழித்தல் முதலாயின கண்ணுக்குத் தெரிவன. பட்டந் தெளித்தல், நெளிப்புக் காட்டுதல், "அவனோடு ஒருவரும் கதைக்கப்படாது" என்று கட்டுப்பாடு செய்து ஒதுக்கிவைத்தல் முதலாயின கண்ணுக்குத் தெரியாதன. உடம்பிற் பட்ட அடி இரண்டொரு நாளில் ஆறும். ஒதுக்கப்பட்ட பிள்ளையோ, நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலே காட்டில் இருப்பதுபோலத் தனித்திருக்கும். முன்னாளிலே பாடசாலைப் படலையோடு நின்ற துன்பம், இக்காலத்திலே கைத்தொலைபேசியின் வழியாக வீட்டினுள்ளும் புகுந்து, இராக்காலத்தும் அப்பிள்ளையை விடாது தொடர்கின்றது.

இக்கொடுமையின் வடிவம் முழுவதையும் தண்டியடிகணாயனார் சரித்திரத்திலே காணலாம். பிறவியிலே கண்ணிழந்த அப்பெரியார், திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்பாலுள்ள திருக்குளம் தூர்ந்து குறுகியது அறிந்து, அதனைக் கல்லத் தொடங்கினார். இரு பக்கமும் தறி நட்டு, கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிப் பிடித்துக்கொண்டே கூடையில் மண் சுமந்தார். அங்கிருந்த புறச்சமயத்தார் முதலிலே வாதஞ் சொன்னார்கள். பின்பு, கண்ணோடு காதும் இழந்தாயோ என்று நகைத்தார்கள். ஈற்றிலே மண்வெட்டியைப் பறித்துத் தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். ஒரு குறையைக் கண்டு நகைத்தல், உடன் நிற்போரும் சேர்ந்து நகைத்தல், பின் அக்குறையுடையார் பற்றி நடக்கும் ஆதாரத்தைப் பறித்தல் என்னும் இம்மூன்று படியும் இன்றைக்கும் மாறவில்லை. திக்குவாயுள்ள பிள்ளை வாசிக்க எழும்பும்பொழுது எழும் சிரிப்பு முதற்படி. அப்பிள்ளை வாசிக்க எழும்புதலையே விட்டுவிடுமாயின், கயிறு பறிக்கப்பட்டது என்று அறிதல் வேண்டும்.

நகை எங்கே சென்று முடியும் என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. பகிடி என்னுஞ் சொல்லோடு வதை என்னுஞ் சொல்லைச் சேர்த்துப் பகிடிவதை என வழங்குதல் ஈழநாட்டுத் தமிழ் வழக்கு. நகைக்கும் கொலைக்கும் இடையேயுள்ள வெளி எத்துணைச் சிறிது என்பதை அச்சொல்லே காட்டும். 1997 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாசத்திலே, பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்திற் புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணாக்கர் ஒருவர், மூத்த மாணாக்கர் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சியினால் சிறுநீரகம் பழுதுற்று உயிர் நீத்தார். அடுத்த ஆண்டிலே, 1998 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. வருத்தியவர்கள் யார்? அவர்களும் பல்கலைக்கழகம் புகுந்த கெட்டிக்காரப் பிள்ளைகளே. அவர்களும் எங்கோ ஒரு பாடசாலையிலே, யாரோ ஓர் ஆசிரியரிடத்திலே பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு கற்றவர்களே. பல்கலைக்கழக வாயிலிலே அவர்கள் திடீரெனக் கொடியராயினர் என்று சொல்லுதல் பொருந்துமோ? விதை முன்னமே விழுந்திருத்தல் வேண்டும்.

அவ்விதை எங்கே விழுகின்றது என்று சைவசித்தாந்தத்தைக் கொண்டு ஆராய்வோம். ஆன்மா அநாதியே ஆணவமலத்தோடு கூடியது. யான் பெரியன், மற்றையோர் சிறியர் என்னும் முனைப்பு அம்மலத்தின் காரியம். ஆதலால், பிள்ளைகள் எல்லாரும் பிறக்கும்பொழுதே தூயர், பிறர்தாம் கெடுக்கின்றனர் என்று நாம் கொள்வதில்லை. ஆயினும், நம் ஆசிரியர்கள் ஆன்மாவுக்கு மற்றொரு தன்மையும் சொல்லினர். அது சார்ந்ததன் வண்ணமாதல். படிகத்தைச் செம்பூவின் பக்கத்தில் வைத்தாற் சிவக்கும். நீலப்பூவின் பக்கத்தில் வைத்தால் நீலிக்கும். பிள்ளையின் உள்ளம் அத்தகையது. பாடசாலை முற்றத்திலே ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைப் பார்த்து இழிசொல் சொல்லுமாயின், அச்சொல்லை அப்பிள்ளை ஆக்கவில்லை, எங்கேயோ கேட்டது. வீட்டு விறாந்தையிலோ, சந்தியிலோ, தேர் இழுக்கும் வீதியிலோ, கலியாணப் பந்தலிலோ பெரியோர் பேசக் கேட்டது. முற்றத்திற் கேட்கும் குரல் பிள்ளையினுடையது; சொல் ஊரினுடையது.

ஊரின் சொற்கள் எவை? தகப்பன் தொழிலைச் சுட்டும் சொல் ஒன்று. சாதியைச் சுட்டும் சொல் ஒன்று, அது வெளிப்படச் சொல்லப்படாத இடத்தும், "எந்தப் பகுதி ஆக்கள்?" என்னும் வினாவுள் ஒளிந்து நிற்கும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டிலே பெயர்ந்து, ஊர் திரும்பமாட்டாது ஆண்டாண்டாக நலன்புரி நிலையங்களிற் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, முகாம் என்னுஞ் சொல்லே வசையாயிற்று. போர் 2009 ஆம் ஆண்டு மே மாசத்தில் முடிந்தபின், தந்தையை இழந்த பிள்ளையும், தாய் வெளிநாட்டில் வேலைசெய்யப் பாட்டியிடத்து வளரும் பிள்ளையும், இல்லத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளையும் நம் வகுப்புக்களிலே இருக்கின்றனர். அவர்களுடைய புண் எங்கேயென்று அறிந்து அங்கே தொடும் சொல்லும் உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்ட பிள்ளையின் படத்தைப் படலையிலே தூக்குகின்றோம். பத்து வயசுப் பிள்ளை அதனைப் பார்த்து, தூக்கப்படாத தோழனை எவ்வாறு மதிக்கக் கற்கும்? இவையெல்லாம் படிகத்தின் பக்கத்தில் ஊர் வைத்த பூக்கள்.

ஊர் வைத்த பூவைப் பாடசாலை அகற்றிய காலமும் உண்டு. அதனையே அருமையாகப் பேணிய காலமும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்விச் சரித்திரத்திலே இதற்குப் பெருஞ்சான்று சம ஆசனப் போராட்டம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, நம் குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில், உயர்ந்தோர் எனப்பட்டாருடைய பிள்ளைகள் வாங்கிலே இருப்பார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ, புறத்தேயோ இருத்தப்படுவார்கள். பல பாடசாலைகளிலே அவர்களுக்கு இடமே இல்லை. ஒரே பாடம், ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை. இருக்கை மாத்திரம் இரண்டு. நிலத்திலிருக்கும் பிள்ளையை வாங்கிலிருக்கும் பிள்ளை காலால் உதைக்குமாயின், அது பிள்ளையின் குற்றமோ, வாங்கை அவ்வாறு போட்டவரின் குற்றமோ என்று சிந்தியுங்கள். அங்கே ஒருவரையொருவர் இகழுதல் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த விளையாட்டன்று. காலஅட்டவணையிற் சேராத ஒரு பாடமாக அது நாடோறும் கற்பிக்கப்பட்டது.

1924 ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற சங்கத்தார், சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தினர். பின்னாளிலே கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் அச்சங்கத்தின் முதல்வருள் ஒருவர். 1930 ஆம் ஆண்டையொட்டி, நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுத்தல் வேண்டும் என்னும் விதி அரசாங்கக் கல்விப் பகுதியாரால் அமுலாக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. விண்ணப்பங்கள் போயின, பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தார்கள், சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எதிர்த்தாருள் நெற்றி நிறையத் திருநீறு தரித்தவர்களும் இருந்தனர். ஒரு வாங்கின் உயரம் ஒரு முழம் இருக்கும். அவ்வொரு முழத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க மனமின்றிப் பாடசாலையையே கொளுத்தத் துணிந்த காலம் அது.

அக்காலத்திலேதானே வடமராட்சியிலே, வதிரியிலே, கா. சூரன் என்னும் சைவப் பெரியார், மற்றைப் பாடசாலைகளில் இடம்பெறாத பிள்ளைகளின்பொருட்டுத் தேவரையாளியிலே ஒரு சைவப் பாடசாலையை நிலைநிறுத்தினார். இகழ்ந்தோரை அவர் இகழ்ந்திலர், சமயத்தை வெறுத்திலர், பிள்ளைகளுக்கு இருக்க இடமும் கற்க எழுத்தும் கொடுத்தார். இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரியாய் விளங்குகின்றது. 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரைச் சைவாசிரியர் நாடோறும் நினைக்கின்றனர். வதிரிச் சூரன் அவர்களையும் உடன் நினைத்தல் தகும்.

இருக்கை ஒன்றானபின்னும் சொல் ஒன்றாகவில்லை. 1927 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் பிறந்து, 1966 ஆம் ஆண்டு மல்லிகைப் பத்திரிகையைத் தொடங்கி, நாற்பது ஆண்டுக்கு மேல் நடத்திய டொமினிக் ஜீவா அவர்கள், ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சுட்டிச் சொன்ன சொல்லே காரணம் என்று அவரே பிற்காலத்தில் எடுத்துச் சொன்னார். அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியாகிய தண்ணீரும் கண்ணீரும் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அவர் மீண்டார், நூல் செய்தார், நாம் அறிந்தோம். அவ்வாறே ஒரு சொல்லினால் வெளியேறி, மீளாமலும் எழுதாமலும் போன பிள்ளைகள் எத்துணையரோ! அவர்களுடைய பெயர் எந்த நூலிலும் இல்லை. கவனியுங்கள்: அங்கே வருத்தியவர் உடன்மாணாக்கர் அல்லர்; ஆசிரியர். வகுப்பிலே படிகத்துக்கு மிக அணித்தாயுள்ள பூ ஆசிரியரே.

இருக்கையைக் குறித்துச் சிவபெருமான் திருவுள்ளம் யாது? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையிலே திருவாலவாய்த் திருக்கோயில் வாயிலில் நின்று யாழ் வாசித்தபொழுது, அவரை உள்ளே அழைத்துவரும்படி இறைவர் தம் தொண்டர்களுக்கு உணர்த்தினார். அவர் உள்ளே வந்து நிலத்தில் இருந்து வாசிக்க, நிலத்தின் குளிர்ச்சி தாக்கினால் யாழ் நரம்பு தளரும் என்று, பொற்பலகை இடும்படி அருளிச்செய்தார். நிலத்திலிருந்தவருக்குப் பலகை இடுவித்தவர் சிவபெருமான். யாழ் நரம்பு தளரும் என்று இரங்கிய கடவுளை வழிபடுவோர், ஒரு குழந்தையின் உள்ள நரம்பு தளருதலைக் கண்டு வாளா இருக்கலாமோ? அவ்வியாழ்ப்பாணர் சாத்தமங்கைக்கு எழுந்தருளியபொழுது, திருநீலநக்க நாயனார் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாருடைய சொல்லை ஏற்று, தம் வீட்டின் நடுவே வேதிகையின் பக்கத்திலே அவருக்கும் அவர் மனைவியாருக்கும் இடங் கொடுத்தார். வேதிகையின் அக்கினி அவியவில்லை. வலமாகச் சுழித்து ஓங்கிற்று என்று சேக்கிழார் பெருமான் கூறியருளினார். தீட்டு வரும் என்று எண்ணிய இடத்திலே திருவருள் வந்தது. சம ஆசனத்துக்கு இதனினும் மேற்பட்ட விதி எந்தக் கல்விப் பகுதியார் எழுதவல்லர்?

இனி, இக்கருத்துக்கு மாறாகச் சொல்லப்படும் மூன்று தடைகளை ஆராய்வோம்.

முதலாவது, "நாங்களும் இவற்றைப் பட்டே வளர்ந்தோம், பிள்ளைகள் பட்டால்தான் உரம் பெறுவர்" என்பது. பனங்கொட்டை மண்ணுக்குள் அமுங்கியே முளைக்கின்றது, மெய்தான். ஆயினும், முளைத்த குருத்தை மாடு நாடோறும் மிதித்தால் வடலியாகுமோ? கடினமான கணக்கு உரந்தரும், தோல்வி உரந்தரும், வெயிலிலே தோட்டத்திற்கு இறைத்தலும் உரந்தரும். இகழ்ச்சி உரந்தராது. அது ஒருவனை ஒடுங்கச் செய்யும்; அல்லது, தன்னினும் மெலியானைத் தேடிச்சென்று அவ்விகழ்ச்சியை இறக்கிவைக்கச் செய்யும். பட்டவர் பலர் பின் படுத்துவோராதல் இதனாலேயே.

இரண்டாவது, "அவ்வப் பிள்ளையின் வினைப்பயன், நாம் என் செய்வோம்?" என்பது. சைவர் வாயில் வரும் தடையாதலால் இதற்கு நின்று விடை கூறுதல் வேண்டும். பிராரத்த வினையை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டும் என்பது, துன்புறுவோன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ளும்பொருட்டுச் சொல்லப்பட்டது. துன்பத்தைக் காண்போன் கைகட்டி நிற்கும்பொருட்டுச் சொல்லப்பட்டதன்று. பசித்தவனுடைய பசியும் வினைப்பயனே. அதனைக் கண்டு சோறிட வேண்டா என்று எந்தச் சைவநூல் கூறிற்று? வருந்துவோனுக்கு அது பிராரத்தமாயின், வருத்துவோனுக்கு அது ஆகாமியம். தடுக்க வல்லனாயிருந்தும் தடாமல் நிற்போனுக்கும் ஆகாமியமே. பிள்ளையின் வினையை நாம் அறியோம். நம் கடமையை அறிவோம்.

மூன்றாவது, "நம் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபின் நமக்கு என்ன அதிகாரம்?" என்பது. 1923 ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் நடத்திய பாடசாலைகளும், திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையும் நம் முன்னோர் பிடியரிசி போலச் சேர்த்த முயற்சியின் பலன். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களினால் நன்கொடைப் பாடசாலைகள் அரசாங்கத்தின்பாற் சென்றன. கட்டடம் சென்றது, காணி சென்றது, முகாமை சென்றது. ஆசிரியருடைய நாவும் கண்ணும் யார்பாலும் சென்றில. நாம் பேசவேண்டுவது அவற்றைக் குறித்தே.

ஆகவே, ஆசிரியர் செய்யத்தக்கன சிலவற்றை எடுத்துச் சொல்லுவோம்.

முதலிலே நாவைக் காத்தல். மொக்கு என்றும், மாடு மேய்க்கப் போ என்றும், உன் கொப்பனைப்போலத்தான் நீயும் என்றும் ஆசிரியர் ஒருமுறை சொன்னால், இடைவேளையிலே அது முப்பது வாயில் முப்பது முறை ஒலிக்கும். ஆசிரியர் இட்ட பட்டத்தைப் பிள்ளை தன் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிதலை நம் ஊர்களிலே காண்கின்றோம். ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோர் வைத்த பெயரால் அழைத்தல் மிகச் சிறிய செயல். அதனையே தொடக்கமாகக் கொள்ளுக.

இரண்டாவது, கையைக் காத்தல். பிரம்பினால் வகுப்பை ஆளும் ஆசிரியர், வலியோன் மெலியோனை அடித்துத் தன் எண்ணத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதையே கற்பிக்கின்றார். இலங்கைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையினாலே பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிற்று. தென்னிலங்கையிலே ஓர் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததனாற் செவிப்புலன் கெட்ட மாணாக்கர் ஒருவரின் வழக்கிலே, 2021 ஆம் ஆண்டு பெப்ருவரி மாசத்தில் உயர் நீதிமன்றம், அச்செயல் கொடூரமாக நடத்தப்படாதிருக்கும் அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்த்தது. நீதிமன்றம் சொல்லுமுன்னே நம் உள்ளம் சொல்லியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கண்ணைத் திறந்துவைத்தல். இக்கொடுமை ஆசிரியர் முன்னிலையில் நிகழாது. தண்ணீர்க் குழாயடி, மலசலகூடத்தின் பின்புறம், சைக்கிள் நிறுத்துமிடம், மைதானத்தின் மூலை, வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை, தனியார் வகுப்பு வாயில் என்னும் இவ்விடங்களிலே நிகழும். இடைவேளையில் ஆசிரியர் அனைவரும் ஓய்வறையில் இருந்து தேநீர் பருகுதலை விட்டு, முறைவைத்து ஒருவரேனும் இவ்விடங்களிலே உலாவி வருவாராயின், பாதித் துன்பம் நீங்கும். இதனை வெறுமனே சொல்லவில்லை. நோர்வே தேசத்திலே 1982 ஆம் ஆண்டின் இறுதியிற் சிறுவர் மூவர் உடன்மாணாக்கர் செய்த கொடுமையினால் தம் உயிரை மாய்த்துக்கொண்டபின், 1983 ஆம் ஆண்டிலே அந்நாடு முழுவதும் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. பேர்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் ஒல்வேயுஸ் என்பவர், பெரியோரின் அன்பு, பெரியோரின் கண்காணிப்பு, தெளிவான சில விதிகள் என்பவற்றை அடியாகக் கொண்டு ஒரு முறை வகுத்தார். 42 பாடசாலைகளிலே ஏறக்குறைய 2,500 மாணாக்கரிடத்து ஆராய்ந்து, இரண்டாண்டுள் அக்கொடுமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று அவர் எழுதினார். பொன்னும் பொருளும் செலவிட்டு வாங்கும் கருவி யாதும் அதில் இல்லை. பெரியோர் தம் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமையே அதன் சாரம்.

நான்காவது, செவி கொடுத்தல். காலையிலே பாடசாலை என்றவுடன் வயிற்றுவலி என்னும் பிள்ளை, அடிக்கடி கொப்பியையும் பேனையையும் தொலைக்கும் பிள்ளை, இடைவேளையில் ஆசிரியர் மேசையையே சுற்றி நிற்கும் பிள்ளை, மணி அடித்தபின்னும் வீட்டுக்குப் போகத் தாமதிக்கும் பிள்ளை என்னும் இவர்கள் வாய் திறவாமலே முறையிடுகின்றனர். வாய் திறந்து முறையிட்டாலோ, "நீ என்ன செய்தாய்?" என்றும் "நீயும் திருப்பிக் கொடு" என்றும் சொல்லிவிடாதீர்கள். இருவரையும் ஒருங்கே நிறுத்திக் கைகுலுக்கச் செய்து அனுப்புதலும் தகாது. வருந்துவோன் வருத்துவோன் முன்னிலையில் உண்மை சொல்லான். தனித்தனியே கேளுங்கள். கேட்டதை வகுப்பிலே பறையறையாதீர்கள். மூன்று நாட் கழித்து மீண்டும் அழைத்துக் கேளுங்கள். பிள்ளை உயிர்வெறுப்புத் தோன்றப் பேசுமாயின், அல்லது தேகத்திலே காயங் காணப்படுமாயின், அன்றைக்கே பெற்றோரையும் அதிபரையும் அறிவித்து, வேண்டுமிடத்துத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி எண்ணுக்கும் அறிவித்தல் ஆசிரியர் கடன்.

ஐந்தாவது, வருத்தும் பிள்ளையையும் கைவிடாமை. அப்பிள்ளையும் அடைக்கலப் பொருளே. அதனைத் தடுத்தல் வேண்டும்; செய்தது தீது என்று ஐயமறச் சொல்லுதல் வேண்டும்; பறித்ததைக் கொடுக்கவும் கெடுத்ததைத் திருத்தவும் செய்தல் வேண்டும். ஆயினும், எல்லார்முன்னும் நாணப்படுத்துதல் வேண்டா. இகழ்ச்சியினால் இகழ்ச்சியை மாற்றுதல் சேற்றினாற் சேற்றைக் கழுவுதல் போலும். அதன் வீட்டிற்குச் சென்று பாருங்கள். தாயை அடிக்கும் தகப்பனையோ, மதுவின் நாற்றத்தையோ, ஒருவரும் சோறிட்டுப் பேசாத வெறுமையையோ அங்கே காணுதல் கூடும். படிகம் எதனைச் சார்ந்து கறுத்தது என்பது அப்பொழுது விளங்கும்.

ஆறாவது, பார்த்து நிற்கும் பிள்ளைகளைப் பயிற்றுதல். இதுவே எல்லாவற்றினும் பெரிது என்பது எம் துணிபு. ஒரு வகுப்பிலே வருத்துவோர் இருவர் மூவர். வருந்துவோர் ஒருவர் இருவர். மற்றையோர் முப்பதின்மர் பார்த்து நிற்போர். அவர்களுடைய சிரிப்பே வருத்துவோனுக்குக் கூலி. கூலி நின்றால் வேலை நிற்கும். அவர்களுக்குச் சொல்லத்தக்க சரித்திரம் நம்மிடத்தே இருக்கின்றது. சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் பிள்ளை உடனோதும் சிறாரோடு சென்றுகொண்டிருந்தார். ஈன்றணிமையதாகிய ஒரு பசு இடையனை முட்டப்போக, அவன் கோலினால் அதனை அடித்தான். உடன் சென்ற சிறுவர் பலர், எல்லாரும் கண்டனர், ஓடிச்சென்று தடுத்தவர் விசாரசருமர் ஒருவரே. தடுத்ததோடு நில்லாமல், இனி நிரையை யானே மேய்ப்பேன் என்று அப்பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். அப்பிள்ளையே பின்பு சண்டேசுர நாயனார் ஆயினார்.

நம் பிள்ளைகள் கோயிலுக்குப் போகும்பொழுதெல்லாம், ஈற்றிலே சண்டேசுரர் சந்நிதியில் மூன்றுமுறை கைகொட்டி வணங்கித் திரும்புகின்றனர். அங்கே இருப்பவர் யார் என்று கேளுங்கள், பலர் அறியார். ஓங்கிய கோலைக் கண்டு ஒதுங்கிப் போகாத ஒரு பள்ளிப்பிள்ளை அங்கே இருக்கின்றார் என்று சொல்லுங்கள். நாளை முற்றத்திலே ஒரு தோழன் அடிபடும்பொழுதோ, நகைக்கப்படும்பொழுதோ, ஓடிச்சென்று தடுக்க வலியில்லாவிடினும், சிரியாமல் இருக்கலாம். அவன் பக்கத்திற் போய் இருக்கலாம். ஆசிரியரிடத்து வந்து சொல்லலாம். அவ்வாறு சொல்லுதல் கோள் அன்று, காத்தல் என்று சொல்லுங்கள்.

ஏழாவது, ஊரோடு பேசுதல். புராணபடனம் நிகழும் மண்டபங்கள் நம் ஊர்களில் இன்னும் உள்ளன. குருபூசைகள் உள்ளன, பெற்றோர் சங்கங்கள் உள்ளன. திருநீலநக்க நாயனார் குருபூசையிலே வேதிகையின் பக்கத்தில் இடங் கொடுத்த கதையைச் சொல்லும்பொழுது, இன்று நம் வீட்டு விறாந்தை வரைக்கும் வரலாகாதென்று நாம் எண்ணும் பிள்ளை யார் என்றும் கேளுங்கள். வீட்டிலே பிள்ளை கேட்கப் பிறரை இழித்துப் பேசாமை ஒரு விரதமாகக் கொள்ளப்படுவதாக. உபவாசத்தினும் அது கடினம், பயனும் பெரிது.

சைவாசிரியர்களே! பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது, சம்பளம் போதாது, பிள்ளைகள் பலர். இவற்றையெல்லாம் யாம் அறிவோம். ஆயினும், இங்கே சொல்லியவற்றுள் தனியே நேரம் வேண்டுவன மிகச் சில. பெயர் சொல்லி அழைக்கவும், இடைவேளையில் ஒரு சுற்று நடக்கவும், ஒரு பிள்ளை சொல்லுவதைச் சொல்லி முடிக்குமட்டும் கேட்கவும் எத்துணை நேரம் வேண்டும்? முன்னோர் ஒரு முழ வாங்கின்பொருட்டுப் பட்ட பாட்டை நினையுங்கள். வாங்கு இன்று எல்லார்க்கும் உண்டு. அதில் அச்சமின்றி இருக்கும் உரிமையை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தல் நம் காலத்தவர்க்கு எஞ்சிய பணி. நாளைக் காலை வகுப்பிலே கடைசி வாங்கில், சுவரோரத்தில், யாரோடும் பேசாது இருக்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். அப்பிள்ளையின் பெயரை அன்போடு சொல்லி அழையுங்கள்.

எல்லா உயிர்க்கும் தாயும் தந்தையுமாகிய சிவபெருமான் திருவருள் முன்னிற்க.

சிவசிவ.